பெற்றது ஏழு, இருப்பது மூன்று

பைபாஸ் ரோட்டில் பரோட்டாக் கடைக்கு மேல் மாடி.
சால்னா வாசம் படியேறும் நேரத்தில்
எங்கள் வேலை தொடங்கும்.
ஆறு கணினி, ஐந்து நாற்காலி,
சுவரில் செபஸ்தி சார் ஒட்டிவைத்த ஒரே விதி:
கண்டது கண்டபடி. திருத்தாதே.

இந்த வாரக் கோப்பு டெய்லர் குடும்பம்.
பணம் கட்டியவர் ஒஹையோவில் ஓய்வுபெற்ற பல் டாக்டர்.
எங்கள் பூர்வீகம் இங்கிலாந்து, என்று
முதல் வரியிலேயே முடித்துவிட்டார்.
ஊர் பெயர் மட்டும் கண்டுபிடித்தால் போதுமாம்.

வம்சத்தை எதிர்த்திசையில்தான் ஏற வேண்டும்.
எனக்கு வீடு திருவேடகம்.
வைகையில் விட்ட ஏடு
வெள்ளத்தை எதிர்த்து வந்து ஒதுங்கிய ஊர் அது.
இன்று விட்டால் சீமைக்கருவேலத்தில் சிக்கி நிற்கும்.

1900.
கேத்தரின் டெய்லர், வயது எழுபத்தைந்து, விதவை,
மகன் ஹென்றி வீட்டில்.
அந்த வருடம் கணக்கெடுக்க வந்தவன்
பெண்களிடம் புதிதாக இரண்டு கேள்வி கேட்டிருக்கிறான்:
பெற்றது எத்தனை? இருப்பது எத்தனை?
ஏழு.
மூன்று.
ஏழின் வால் நீண்டு
அடுத்த கட்டத்துக்குள் போயிருக்கிறது.

1890 இல்லை. தாள்கள் தீயில் போய்விட்டன.
எங்கள் கதையில் நெருப்பில் இட்ட ஏடு
பச்சை மாறாமல் வெளியே வந்தது.
வாஷிங்டனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

1880இல் பிடித்தேன்.
ஸ்னைடர் என்று எழுதி, அடித்து,
மேலே அவசரமாய் டெய்லர்.
ஜெர்மன் பாஷையில் ஷ்னைடர் என்றால்
தையல்காரர் என்கிறது அகராதி.
பெயரைப் பிரித்து வேறு அளவில் தைத்திருக்கிறான் ஹென்றி.
1860இல் அவனே ஹைன்ரிஷ்.

அம்மாக்காரிக்குப் பிறந்த இடம்
1860இல் ஹானோவர், 1870இல் பிரஷ்யா, 1880இல் ஜெர்மனி.
அவள் பொய் சொல்லவில்லை.
என் அம்மா பெரியகுளத்தில் பிறந்தபோது அது மதுரை மாவட்டம்,
இப்போது தேனி.
ரேஷன் கார்டில் முத்திருளாயி,
ஆதாரில் முத்து இருலாயி.
திருத்தப் போய் நின்ற மூன்று நாள் சம்பளம் எனக்கு நட்டம்.

கப்பல் பட்டியல், 1854, பிரேமனிலிருந்து பால்டிமோர்.
யோகான், காத்தரீனா,
ஹைன்ரிஷ் ஏழு வயது, டொரோத்தியா நான்கு,
வில்ஹெல்ம் பத்து மாதம்.
வில்ஹெல்முக்கு நேரே சின்னச் சிலுவை.
எந்தக் கடலில் என்று எழுதவில்லை.

பிறகு அன்னா, அவுகுஸ்ட், லூயிஸ்.
எண்ணினால் ஆறு.
பத்து வருடத்துக்கு ஒருமுறை வருகிற ஆள்,
இரண்டு வருகைக்கு நடுவே
வந்து போன பிள்ளையை எங்கே எழுதுவான்?
ஞானஸ்நானப் புத்தகத்தில் இல்லை, கல்லறைப் பட்டியலில் இல்லை.
அந்த ஒற்றை எண்ணில் மட்டும் இருக்கிறது,
ஐம்பது வருடம் கழித்து
அவள் வாயிலிருந்து.

என் அம்மாவிடம் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை.
நானும்.

வரைபடத்தில் ஏழாவது பெட்டி போட்டேன்.
பெயர் கட்டாயம் என்றது மென்பொருள்.
ஒரு புள்ளி வைத்தேன், ஏற்றுக்கொண்டது.

செபஸ்தி சார் குனிந்து பார்த்தார்.
"இது எந்தத் தாள்ல கண்டது?"
1900ஐத் திறந்து அந்த ஏழைக் காட்டினேன்.
விரல் மடக்கி எண்ணினார்,
ஹைன்ரிஷ், டொரோத்தியா...
ஆறாவது விரலை மடக்காமல்
கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.
கீழே கொத்துப் பரோட்டாவின் இரும்புத் தாளம்.

விடிவதற்குள் டாக்டரிடமிருந்து மெயில்:
இங்கிலாந்து என்ன ஆயிற்று?
அப்புறம் அந்தப் புள்ளி, தட்டச்சுப் பிழையா?

முதல் கேள்விக்கு இரண்டு பக்கம் எழுதிவிட்டேன்.
கொச்சடை தாண்டிவிட்டது வேன்.
இரண்டாவதற்கு இன்னும்
ஒரு வரி வரவில்லை.